பாலை கடந்த பேரறிஞர்

ஐவகை நிலங்களை வகுத்த பண்டைத் தமிழ்ச் சான்றோர், பாலைக்கெனத் தனியே ஒரு நிலம் வகுத்திலர். மழை பொய்த்து வெயில் முறுகும்பொழுது, முல்லையும் குறிஞ்சியுமே தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது அவர்தம் கொள்கை. நீர் உள்ளவரையில் அது காடு. நீர் அற்றுவிடின் அதுவே பாலை. எனவே, பாலையைப் பாலையாக்குவது மணலன்று, நீரின்மையே ஆகும். அத்தகைய கொடிய பாலையைக் கடந்து பொருள் தேடச் சென்ற தலைவர்களைச் சங்க நூல்கள் பலபடப் பாடுகின்றன. ஆயினும், பிரிவுக்குரிய காரணங்களை எண்ணப் புகுந்த தொல்காப்பியர், ஓதலையே முதற்கண் வைத்து எண்ணினார். பொருள் தேடப் பாலை கடந்தார் பலர். கல்வி தேடிக் கடந்தார் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவர், சீன நாட்டிலிருந்து புறப்பட்டு நம் காஞ்சி மாநகர் வரையில் வந்து சேர்ந்த யுவான் சுவாங் என்னும் துறவியார் ஆவார்.

இளமையும் கல்வியும்

யுவான் சுவாங் ஏறத்தாழ கி.பி. 602-ஆம் ஆண்டில், சீன நாட்டில் லோயாங் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தார். கல்வியிற் சிறந்த குடும்பம் அது. உடன்பிறந்த ஆண்மக்கள் நால்வருள் இவரே இளையவர். தமையனார் ஒருவர் பௌத்தத் துறவியாகி மடத்தில் வாழ்ந்து வந்தார். அவரைப் பின்பற்றி இவரும் பதின்மூன்றாம் அகவையிலேயே மடம் புகுந்தார். இருபதாம் அகவையில் முழுத் துறவு பூண்டார்.

அக்காலத்தில் அரசுகள் மாறின. போரும் பஞ்சமும் நாட்டை அலைத்தன. அவ்வல்லலுக்கு இடையிலும் யுவான் சுவாங் ஊர்தோறும் சென்று ஆசிரியர் பலரிடம் பாடம் கேட்டார். கேட்கக் கேட்க ஐயம் தீர்வதற்கு மாறாக வளர்ந்தது. ஒருவர் உரைத்த பொருளை மற்றொருவர் மறுத்தார். மொழிபெயர்க்கப்பட்ட நூல்களும் தம்முள் முரண்பட்டு நின்றன. கலங்கிய நீரைக் குடத்துக்குக் குடம் மாற்றுவதால் தெளிவு உண்டாகாது. ஊற்றுக்கண்ணை நாடிச் செல்லுதலே வழி என அவர் துணிந்தார். புத்தர் பெருமான் வாழ்ந்த இந்திய நாட்டுக்குச் சென்று, மூல நூல்களை அம்மொழியிலேயே கற்று, அவற்றைத் தம் நாட்டுக்குக் கொணர வேண்டும் என்பது அவர் உள்ளத்தில் வேரூன்றிய எண்ணமாயிற்று.

தடையை மீறிய பயணம்

அப்பொழுது சீனத்தை ஆண்டவர் தாங் மரபினரான தாய்சுங் பேரரசர். அரசு புதியது, மேற்கெல்லை அமைதியற்றது. ஆதலின், குடிமக்கள் எவரும் எல்லை கடந்து செல்லலாகாது என ஆணையிடப்பட்டிருந்தது. யுவான் சுவாங் விடுத்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. உடன்வர இசைந்தவர்களும் பின்வாங்கினர். அவரோ பின்வாங்கவில்லை. 629-ஆம் ஆண்டில் தலைநகராகிய சாங்கானை விட்டு மேற்றிசை நோக்கிப் புறப்பட்டார்.

எல்லைப்புறத்து ஆளுநர் ஒருவர் அவரைத் திரும்பிப் போகும்படி பணித்தார். அவ்வூர்த் துறவி ஒருவர் தம் மாணாக்கர் இருவரைத் துணைகூட்டி மறைவாக வழியனுப்பினார். பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் அவர் குவாசௌ என்னும் ஊரை அடைந்தார். அங்கே அவருடைய குதிரை இறந்துபட்டது. அவரைச் சிறைப்படுத்துமாறு எழுதப்பட்ட ஓலையும் பின்தொடர்ந்து வந்து சேர்ந்தது. ஆனால், அவ்வோலையைப் பெற்ற அதிகாரி நல்லறிஞர். துறவியின் நோக்கத்தை அறிந்ததும் அவர் கண்முன்னரே ஓலையைக் கிழித்தெறிந்து, விரைந்து செல்லுமாறு கூறினார்.

வழிகாட்டியாக அயல்நாட்டான் ஒருவன் வந்து சேர்ந்தான். அவன் அழைத்து வந்த முதியவர் ஒருவரிடம் மெலிந்து முதிர்ந்த செந்நிறக் குதிரை ஒன்று இருந்தது. அப்பாலையை அது பதினைந்து முறை கடந்து சென்று மீண்டது என்றும், இளங்குதிரையினும் அதுவே பயன்படும் என்றும் அம்முதியவர் உரைத்தார். யுவான் சுவாங் தம் குதிரையை அவருக்குக் கொடுத்து, அக்கிழக்குதிரையைப் பெற்றுக்கொண்டார். தோற்றத்தைக் கண்டு இகழாது அனுபவத்தை மதித்த அச்செயலே பின்னர் அவர் உயிரைக் காத்தது.

காவற்கோபுரங்களும் நீரும்

எல்லைக் கோட்டைக்கு அப்பால் ஐந்து காவற்கோபுரங்கள் நின்றன. ஒன்றற்கும் மற்றொன்றற்கும் இடைவெளி ஏறத்தாழ 100 லீ. லீ என்பது சீன நாட்டு வழியளவை. மூன்று லீ ஏறக்குறைய ஒரு மைலாகும். அவ்வழியில் கோபுரங்களின் அடியிலன்றி வேறெங்கும் நீர் இல்லை. நீர் இருக்குமிடமெல்லாம் வில்லேந்திய காவலர் இருந்தனர். நீரை அணுகினால் அம்பு; அணுகாவிடின் விடாய். இந்நிலையை எண்ணி அஞ்சிய வழிகாட்டி இடைவழியிலேயே விடைபெற்றுச் சென்றான். யுவான் சுவாங் தனியர் ஆனார். வழி என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. முன் சென்று மாண்டவர்களுடைய எலும்புக் குவியல்களும், குதிரைகளின் சாணமுமே வழியைக் காட்டின. தொலைவில் படை திரண்டு வருவதுபோலும், கொடிகள் அசைவதுபோலும் கானல் தோன்றித் தோன்றி மறைந்தது.

முதற் கோபுரத்தை அடைந்தவர் பகல் முழுதும் மணற்குழியில் மறைந்திருந்தார். இருள் பரந்தபின் நீர்நிலையை அணுகிப் பருகினார். கலத்தில் நீர் முகக்கும் வேளையில் அம்பொன்று பாய்ந்து வந்து அவர் முழங்காலுக்கு அருகே சென்றது. அடுத்து மற்றொன்றும் வந்தது. தாம் துறவி எனவும், எய்ய வேண்டா எனவும் அவர் உரக்கக் கூவினார். காவலர் அவரைத் தலைவனிடம் கொண்டு சென்றனர். அத்தலைவன் அவருடைய உறுதியைக் கண்டு வியந்தான். உணவும் நீரும் அளித்து, நான்காம் கோபுரத்திலிருந்த தன் உறவினனிடம் செல்லுமாறு வழிகூறி விடுத்தான். நான்காம் கோபுரத்தான் பெரிய தோற்பை ஒன்றில் நீர் நிறைத்துத் தந்தான். ஐந்தாம் கோபுரத்துக் காவலர் கொடியர். அப்பக்கம் செல்லற்க என எச்சரித்தான். அங்கிருந்து 100 லீ தொலைவில் காட்டுக்குதிரை ஊற்று என்னும் நீர்நிலை உண்டென்றும், அங்கே மீண்டும் நீர் நிரப்பிக்கொள்ளலாம் என்றும் அவன் கூறினான்.

நான்கு இரவுகளும் ஐந்து பகல்களும்

இனி வருவது 800 லீ அகன்ற பெரும்பாலை. மணலாறு என்பது அதன் பழம்பெயர். மேலே பறவை இல்லை. கீழே விலங்கு இல்லை. இடையே புல்லும் நீரும் இல்லை. நூறு லீக்கு மேலும் சென்ற யுவான் சுவாங் வழி தவறினார். காட்டுக்குதிரை ஊற்றைக் காண இயலவில்லை. விடாய் மிகவே தோற்பையை எடுத்தார். அதன் பாரம் தாங்காமல் கை நழுவிற்று. நெடுந்தொலைவுக்கென வைத்திருந்த நீர் முழுதும் நொடிப்பொழுதில் மணலில் கவிழ்ந்து மறைந்தது.

திசையும் தெரியவில்லை. வேறு வழி காணாது, நான்காம் கோபுரத்துக்கே மீண்டு செல்லக் கருதிக் கிழக்கு நோக்கித் திரும்பினார். பத்து லீ அளவு சென்றதும் ஒரு நினைவு எழுந்தது. இந்தியாவை அடையும் வரையில் கிழக்கு நோக்கி ஓரடியும் எடுத்து வைப்பதில்லை எனத் தாம் முன்னர்ச் செய்துகொண்ட சூளுறவு உள்ளத்தை உறுத்தியது. மீண்டு சென்று வாழ்வதினும் முன்சென்று மாள்வதே மேல் எனத் தெளிந்தார். குதிரையை வடமேற்கே திருப்பினார். இரும்பு நெஞ்சம் உடைய வீரரும் அஞ்சுவர் என எண்ணுதற்கில்லை, அவரும் அஞ்சினார், திரும்பவும் செய்தார். ஆனால், அஞ்சிய இடத்திலேயே நின்றுவிடவில்லை. அவரது பெருமை அதுவே.

பகலில் மணற்சூறை மழைபோற் பொழிந்தது. இரவில் எங்கும் பேய்விளக்குப் போன்ற ஒளிகள் மினுங்கின. அவற்றுக்கெல்லாம் அவர் கலங்கவில்லை, நீரின்மைக்கே கலங்கினார். வெப்பம் மிக்க நிலத்தில் நீரின்றி மனித உடல் மூன்று நான்கு நாட்களுக்குமேல் தாங்குவது அரிது. நான்கு இரவுகளும் ஐந்து பகல்களும் ஒரு துளி நீரும் அவர் தொண்டையை நனைக்கவில்லை. நா உலர்ந்தது, வயிறு காந்தியது, கால் எழவில்லை. மனிதரும் குதிரையுமாக மணலிற் சாய்ந்தனர். தாம் பொருளுக்காகவோ புகழுக்காகவோ வரவில்லை என்றும், மெய்யறிவு ஒன்றற்காகவே வந்ததாகவும் எண்ணி, அவர் அவலோகிதேசுவரரை இடைவிடாது வேண்டிக் கிடந்தார்.

ஐந்தாம் நாள் நள்ளிரவில் குளிர்ந்த காற்று ஒன்று வீசியது. நீராடியது போல உடல் தேறியது. மங்கிய கண்கள் ஒளி பெற்றன. குதிரையும் எழுந்து நின்றது. சிறிது துயின்ற அவர், ஏன் கிடக்கின்றாய், எழுந்து நட என ஒரு பேருருவம் ஏவுவதாகக் கனாக் கண்டு விழித்தார். உடனே புறப்பட்டார். பத்து லீ அளவு சென்றதும் குதிரை திடீரென வேறொரு பக்கம் திரும்பியது. எவ்வளவு இழுத்தும் அது அவர் கருதிய வழியில் வரவில்லை. இறுதியில் அவர் அதன் போக்கிலேயே விட்டார். சில லீ தொலைவில் பசும்புல் தரை ஒன்று தோன்றியது. குதிரையை மேயவிட்டு அப்பால் அடி வைத்தார். அங்கே கண்ணாடிபோல் தெளிந்த நன்னீர்ச் சுனை ஒன்று இருந்தது! பதினைந்து முறை அவ்வழி சென்று மீண்ட கிழக்குதிரை, மனிதர் அறியாததை அறிந்திருந்தது.

அங்கே ஒருநாள் இளைப்பாறி, நீர் நிறைத்துக்கொண்டு, மேலும் இரண்டு நாள் நடந்து ஹாமி என்னும் பசுஞ்சோலை ஊரை அடைந்தார். அவருடைய வரலாற்றை எழுதிய மாணாக்கர் ஹுய்லி இந்நிகழ்ச்சியை விரிவாகப் பதிந்து வைத்துள்ளார்.

விரும்பி மறுத்த நீர்

அடுத்து அவர் சென்ற நாட்டின் மன்னன் அவர்மீது பேரன்பு கொண்டு, தன் நாட்டிலேயே தங்கிவிடுமாறு வற்புறுத்தினான். போக விடேன் எனவும் கூறினான். யுவான் சுவாங் மூன்று நாள் உணவும் நீரும் கொள்ளாது அமர்ந்திருந்தார். சின்னாட்களுக்கு முன் ஒரு துளி நீருக்காக உயிர் துடித்தவர், இப்பொழுது பொற்கலத்து நீரையும் விலக்கினார். நோக்கம் தடைப்படுமாயின் நீரும் வேண்டா என்பது அவர் துணிவு. மன்னன் நாணிப் பணிந்தான். வழியிலுள்ள 24 நாட்டு அரசர்களுக்குத் திருமுகங்கள் எழுதித் தந்து, துணைவரோடும் பொருளோடும் அவரை அனுப்பினான்.

பனிமலைகளையும் ஆறுகளையும் கடந்து, சமர்கண்டு, பாமியான், காந்தாரம் வழியாக அவர் இந்தியாவை அடைந்தார். காசுமீரத்தில் ஈராண்டு கற்றார். பின்னர் நாளந்தாப் பல்கலைக்கழகத்தை அடைந்து, முதுபெரும் ஆசிரியராகிய சீலபத்திரரின் அடியமர்ந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பயின்றார். அச்சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர். தருமபாலரோ காஞ்சிநகரில் அமைச்சர் ஒருவருக்கு மகனாகத் தோன்றியவர். ஆகவே, யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தது, தம் ஆசிரியருக்கு ஆசிரியரானவர் பிறந்த ஊருக்கு வந்ததாகும்.

காஞ்சியும் கடற்கரையும்

இலங்கைக்குச் சென்று அங்குள்ள அறிஞர்களிடமும் கற்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வங்கக் கரையிலிருந்தே கலம் ஏற எண்ணினார். நெடுங்கடல் வழியில் புயலும் இடரும் மிகும். தென்னாட்டின் கீழ்க்கரையை அடைந்தால் மூன்று நாளில் கடல் கடக்கலாம் எனத் தென்னாட்டுத் துறவி ஒருவர் அறிவுறுத்தினார். அவ்வாறே அவர் கலிங்கமும் ஆந்திரமும் கடந்து, 640-ஆம் ஆண்டை ஒட்டிக் காஞ்சியை அடைந்தார். அந்நாளில் தொண்டை நாட்டை ஆண்டவன், மாமல்லன் என்னும் சிறப்புப் பெயர் பெற்ற முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் ஆவன்.

திராவிட நாடு என இப்பகுதியைக் குறிக்கும் யுவான் சுவாங், இதன் நிலவளத்தையே முதலில் பாராட்டுகின்றார். மண் செழிப்புடையது, உழவு இடையறாது நிகழ்வது, நெல்லும் மலரும் கனியும் மலிந்தது, வெயில் மிக்கது, மக்கள் அஞ்சாமையும் வாய்மையும் உடையவர், கல்வியைப் பெரிதும் போற்றுபவர் என்பன அவர் எழுதியவற்றின் சாரம். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும், பதினாயிரம் துறவியரும், எண்பது தேவர் கோயில்களும், சமணர் பலரும் இருந்தமையையும் அவர் குறித்துள்ளார்.

வெயில் மிக்க நாடு எங்ஙனம் செழித்தது? விடை நீரிலேயே உள்ளது. தொண்டை நாட்டில் ஆண்டு முழுதும் நீரோடும் பேராறு இல்லை. பெரும்பான்மை மழை ஐப்பசி, கார்த்திகைத் திங்களிலேயே பெய்து தீரும். அம்மழையை வீணாக்காது தேக்கும் பொருட்டு முன்னோர் ஊர்தோறும் ஏரி கண்டனர். மேலேரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியாக வழிந்து கீழேரியை நிரப்பும். மதகு வழியாக நீர் வயலுக்குப் பாயும். நரசிம்மவர்மனின் தந்தையாகிய மகேந்திரவர்மன் மகேந்திரவாடியில் தன் பெயரால் ஏரி அமைத்தான். பின்வந்த பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து கால் வெட்டி ஏரிக்கு நீர் கொணர்ந்த செய்தியைக் கூறுகின்றது. சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளோ ஏரியைக் காக்க ஒரு வாரியமே இருந்ததைக் காட்டுகின்றன.

காஞ்சியின் தெற்கே ஓடும் பாலாறு, செங்கற்பட்டுக்கு அருகே சென்று, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலிற் கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் அதன் மேற்பரப்பு வெறும் மணலாகவே கிடக்கும். அதனைக் காணும் அயலார் இதுவும் ஒரு பாலையோ என மயங்குவர். ஆனால், மணலைத் தோண்டினால் ஊற்று நீர் சுரக்கும். ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கு நீர் பாய்ச்சினர் உழவர்; ஊற்றுத் தோண்டிக் குடத்தில் நீர் முகந்தனர் மகளிர். வடக்கே மணல் அவருடைய நீரை விழுங்கிற்று; தெற்கே மணலே நீரைத் தந்தது.

காஞ்சியை இலங்கைக்குச் செல்லும் கடல்வாயில் என யுவான் சுவாங்கின் வரலாறு கூறுகின்றது. காஞ்சி கடற்கரையில் அமைந்த நகரன்று. ஆதலின், அவ்வாயில் பல்லவர் துறைமுகமாகிய மாமல்லபுரமே என ஆய்வாளர் பலர் கருதுவர். கடல்மல்லையில் கலங்கள் வந்து தங்கியதைத் திருமங்கையாழ்வாரும் பிற்காலத்தில் பாடியுள்ளார். அங்கே பெரும்பாறை ஒன்றில், நடுவே உள்ள பிளவு ஆறாகவும், நாகர்கள் அதில் நீந்தி வருவதாகவும், தேவரும் முனிவரும் யானைகளும் அதனை நோக்கி வருவதாகவும் அக்காலச் சிற்பியர் செதுக்கிய காட்சி இன்றும் உள்ளது. அதனை அருச்சுனன் தவம் என்பர் சிலர். பகீரதன் தவத்தால் கங்கை இறங்கியது என்பர் வேறு சிலர். பாறையின் உச்சியில் நீர் தேக்கிய தொட்டியின் அடையாளமும் காணப்படுகின்றது. நீரைத் தெய்வமாகப் போற்றிய நாடு இது என்பதற்கு அக்கல்லே சான்று.

அறிந்து திரும்புதல்

இலங்கை இன்னும் மூன்று நாள் வழியே. அவ்வேளையில் அங்கிருந்து துறவியர் முந்நூற்றுவர் காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். தம் நாட்டு மன்னன் இறந்தான் என்றும், பஞ்சமும் குழப்பமும் மூண்டன என்றும் அவர்கள் தெரிவித்தனர். யுவான் சுவாங் அவர்களுடன் அமர்ந்து அரிய நூற்பொருள்களை வினவினார். அவர்கள் கூறிய விளக்கம் சீலபத்திரர் கூறியதனினும் மேற்பட்டதாக இல்லை. கடலைக் கடக்காமலேயே அவர் திரும்பினார்.

பாலையில் ஒருமுறை திரும்பியதற்கு நாணி மீண்டும் முன்னேறியவர், காஞ்சியில் நாணமின்றித் திரும்பியது ஏன்? பாலையில் அவரைத் திருப்பியது அச்சம். காஞ்சியில் திருப்பியது ஆராய்ச்சி. அவர் நாடியது கல்வியே. இலங்கை என்னும் இடம் அன்று. உறுதி வேறு, பிடிவாதம் வேறு என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் நன்கு விளக்குகின்றன.

பின்னர் மேலைக்கரை வழியாக வடக்கே சென்று, ஹர்ஷப் பேரரசரின் பெருஞ்சபையில் சிறப்புப் பெற்றார். தாயகம் மீளும் வழியில் சிந்து நதியில் ஓடம் அலைப்புண்டது. ஐம்பது ஏட்டுச் சுவடிகள் நீரில் வீழ்ந்தன. பாலையில் நீரை இழந்தவர், இப்பொழுது நீரில் நூலை இழந்தார். அப்பொழுதும் சோர்ந்திலர், படி எடுத்து வரச் செய்து, அதன்பின்னரே மேற்சென்றார். 645-ஆம் ஆண்டில், 657 நூல்களுடன் சாங்கானை அடைந்தார். தடை விதித்த அதே பேரரசர் அவரைப் பெருமையுடன் வரவேற்றார். எஞ்சிய வாழ்நாள் முழுதும் மொழிபெயர்ப்பிலேயே கழிந்தது. அவர் மொழிபெயர்த்தவை 75 நூல்கள். சீனச் சுருள் கணக்கில் 1335. தாம் கண்ட நாடுகளைப் பற்றியும் ஒரு நூல் செய்தளித்தார். 664-ஆம் ஆண்டில் அப்பெரியார் மறைந்தார்.

தோண்டத் தோண்ட நீர் தரும் மணற்கேணியைக் கல்விக்கு உவமையாக வைத்தார் வள்ளுவர். அவ்வுவமையின் முழுப்பொருளைத் தம் வாழ்வாலேயே உணர்த்தியவர் யுவான் சுவாங். கவிழ்ந்த தோற்பையை எண்ணி அவர் அங்கேயே அழுதிருப்பாராயின், சுனையையும் கண்டிரார், நாளந்தாவையும் கண்டிரார், காஞ்சியையும் கண்டிரார். கையிலிருந்த நீர் போயினும் கால்கள் இருந்தன. கால்கள் ஓய்ந்தபொழுது தம்மினும் வழியறிந்த ஓர் உயிரைப் பின்பற்றும் பணிவு இருந்தது. அவ்வுறுதியும் அப்பணிவும் உடையார்க்கு எப்பாலையிலும் ஒரு சுனை உண்டு.